யானையைத் தானம் கொடுத்த கதை

2023 அக்டோபரில் ஒரு நாள் காலை அலுவலகத்துக்குக் கிளம்பி வெளியே வந்தபோது, டிரைவ்வேயில் நின்றிருந்த என் கார் இடது முன்பக்கமாக மண்டியிட்டிருந்தது. டயரில் காற்று இறங்கியிருக்கும் என்று குனிந்து பார்த்தேன். டயர் சரியாகத்தான் இருந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய நான்கு விரல் இடைவெளிதான் காணாமல் போயிருந்தது. பதினெட்டு வயதான அந்தக் கருநீலச் செடான், பாகன் ஏறுவதற்கு ஒரு முன்னங்காலை மடித்துக் கொடுக்கும் கோயில் யானையைப் போலச் சாய்ந்து நின்றது.

வண்டியின் கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஜெர்மனியில் செய்த, எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட, 2005-ஆம் ஆண்டு மாடல் என்பது போதும். புதிதாக விற்றபோது அதன் விலை 80,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. 2011-இல் அதை நான் 21,000 டாலருக்கு வாங்கினேன். மேரிலாந்து மாநிலத்தின் ஹோவர்ட் கவுண்டியில், பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் நடுவே குடியிருந்துகொண்டு, தினமும் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் கழித்துக்கொண்டிருந்த எனக்கு அன்று அது சாமர்த்தியமான பேரமாகத் தெரிந்தது. ஆறு ஆண்டுகளில் விலையின் முக்கால் பங்கை வேறு யாரோ இழந்துவிட்டார். மிச்சமிருக்கும் கால் பங்குக்கு முழு வண்டியும் எனக்குக் கிடைக்கிறது என்பதே என் கணக்கு. கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகள் ஒரே மொபெட்டை ஓட்டிய என் தந்தை 2013-இல் எங்களோடு வந்து தங்கியிருந்தபோது, பின்னிருக்கையில் அமர்ந்து, “எஞ்சின் ஓடுதா?” என்று இரண்டு முறை கேட்டார். அந்தக் கேள்விக்காகவே 21,000 டாலர் கொடுக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது உண்மை.

அந்தச் சொகுசுக்கும், பத்து ஆண்டுகள் கழித்து நான் கண்ட மண்டியிடலுக்கும் வேர் ஒன்றுதான். சாதாரணக் காரில் சக்கரத்துக்கு மேலே இரும்புச் சுருள்வில் இருக்கும். அது இருபது ஆண்டு ஆனாலும் பெரும்பாலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இந்த வகைக் காரில் சுருள்வில்லின் இடத்தில் அழுத்தப்பட்ட காற்றை அடைத்த ரப்பர் பை இருக்கிறது. ஒரு சிறிய கம்ப்ரசர் காற்றைத் திணிக்க, ஒரு வால்வுத் தொகுதி அதை நான்கு மூலைகளுக்கும் பங்கிட, உயரத்தை அளக்கும் சென்சார்கள் எந்த மூலைக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சாலையின் குழி உள்ளே இருப்பவரின் முதுகுக்குத் தெரியாமல் போவது இதனால்தான். ஆனால் ரப்பருக்கு மூப்பு உண்டு. மடிப்புகளில் மயிரிழை வெடிப்புகள் விழும்; காற்று கசியும்; கசிவை ஈடுகட்டக் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும்; ஓடி ஓடி ஒரு நாள் அதுவும் எரிந்துபோகும். எங்கள் மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, முன்பக்க இரண்டு காற்றுத்தூண்களும் கம்ப்ரசரும் மாற்ற 3,800 டாலர் ஆகும் என்றார். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிவதற்குக் காரணமான, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இந்தக் கணக்கில் சேரவில்லை என்பதையும் இரக்கத்தோடு சொன்னார். மேரிலாந்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை புகைச் சோதனைக்குப் போக வேண்டும். அந்த விளக்கு எரிந்தால் வண்டி அங்கே தேறாது.

சொகுசுக் காரைப் பழையதாக வாங்குபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான், நானும் தவறினேன். காரின் விலை இறங்கிக்கொண்டே போகும். உதிரிப்பாகத்தின் விலை தான் பிறந்த இடத்தை மறப்பதில்லை. 80,000 டாலர் காருக்கென்று செய்த பாகம், கார் 2,000 டாலருக்கு வந்த பிறகும் 80,000 டாலர் காரின் பாகமாகவே விற்கப்படுகிறது. யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று நம் ஊரில் கேட்பது இதற்காகத்தான்: யானையின் விலை ஒரு முறை, தீனியோ தினமும்.

விற்றுவிடலாம் என்றால் அதற்கும் வழி குறுகலாக இருந்தது. மேரிலாந்தில் பழைய வண்டியை வாங்குபவர் தம் பெயருக்குப் பதிவு செய்ய, மாநிலக் காவல்துறை உரிமம் அளித்த நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைச் சான்று பெற வேண்டும். மண்டியிட்ட வண்டி அந்த வாசலையே தாண்டாது. புதிய கார் விற்கும் கடைக்காரர் ஒருவர் படங்களைப் பார்த்துவிட்டு 500 டாலர் தருவதாகச் சொன்னார். அதையும் எனக்காகத்தான் தருகிறார் என்ற தொனியில் சொன்னார்.

தானமாகக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் வந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வைத்துக்கொள்ள முடியாது, விற்க முடியாது என்று ஆன பிறகுதான் எனக்குள் ஈகை சுரந்தது. அமெரிக்காவில் இது ஒன்றும் அரிதான சுரப்பு இல்லை. உங்கள் பழைய காரைக் கொடுங்கள், நாங்களே வந்து இலவசமாக எடுத்துக்கொள்கிறோம், வரிச்சலுகையும் உண்டு என்று வானொலியைத் திறந்தால் விளம்பரம் வரும். பொது வானொலி நிலையங்களே தம் செலவுக்காக நேயர்களிடம் பழைய கார்களைக் கேட்டு வாங்குகின்றன. அந்த விளம்பரங்களைக் கூர்ந்து கேட்டால், முதலில் வருவது உங்கள் வசதி, இரண்டாவது உங்கள் வரி. யாருக்கு உதவி என்பது மூன்றாவதாகத்தான் வரும்.

தீபாவளியை ஒட்டி நண்பர் ஒருவர் வீட்டில் கூடியிருந்தபோது பேச்சு இதில் திரும்பியது. பழைய கார்களின் விலைக் கையேட்டில் போட்டிருக்கும் சந்தை மதிப்பை அப்படியே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், மூவாயிரமாவது தேறும் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. 2004-ஆம் ஆண்டு முடியும் வரை காரைக் கொடுத்தவர் தாமே அதன் சந்தை மதிப்பைக் கணித்துக் கழித்துக்கொள்ள முடிந்தது. நல்ல நிலையில் உள்ள வண்டிக்குக் கையேட்டில் போட்டிருக்கும் தொகையை, எஞ்சின் இறுகிப்போன வண்டிக்கும் எழுதியவர்கள் இருந்தார்கள். அமெரிக்க காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2003 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, 2000-ஆம் வரி ஆண்டில் மட்டும் சுமார் 7,33,000 பேர் இப்படிக் கழித்துக் காட்டியதாகவும், அதனால் அவர்கள் செலுத்த வேண்டிய வரியில் 65 கோடியே 40 லட்சம் டாலர் குறைந்ததாகவும் மதிப்பிட்டது. அதே அறிக்கைக்காக 54 கார்களை மட்டும் எடுத்து, கொடுத்தவர் எழுதிய மதிப்பு எவ்வளவு, அறநிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று தொடர்ந்து பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கார்களில், நிறுவனத்துக்குக் கிடைத்தது கொடுத்தவர் எழுதிக்கொண்ட மதிப்பில் 5 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு. கொடுத்தவர் 2,000 என்று எழுதியிருந்தால் வாங்கியவருக்கு நூறுகூடத் தாண்டவில்லை என்று பொருள். நடுவில் இழுவை வண்டிக்காரர், ஏலக்காரர், விளம்பரக்காரர், தரகு நிறுவனம் என்று எல்லோரும் இருந்தார்கள்.

2004 அக்டோபரில் கையெழுத்தான சட்டம் இந்தக் கதவைச் சாத்தியது. 2005 முதல், 500 டாலருக்கு மேல் கழிக்க விரும்பினால், அறநிறுவனம் அந்தக் காரை என்ன விலைக்கு விற்றதோ அந்தத் தொகையைத்தான் கழிக்க முடியும். விற்ற முப்பது நாளுக்குள் நிறுவனம் 1098-சி என்ற படிவத்தில் விற்ற தேதியையும் தொகையையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வரிக்கணக்கோடு இணைக்க வேண்டும். முழுச் சந்தை மதிப்பைக் கழிக்கச் சில விதிவிலக்குகளே உண்டு. நிறுவனம் அந்தக் காரைத் தன் அறப்பணிக்கே நெடுநாள் ஓட்ட வேண்டும். நான்கு நாள் உணவுப் பொட்டலம் கொண்டுபோனால் போதாது, ஓராண்டு முழுதும் தினமும் கொண்டுபோனால் செல்லும். அல்லது பெரிய பழுதைச் சரிசெய்து அதன் மதிப்பைக் கூட்ட வேண்டும். கழுவிப் பூச்சடித்து நெளிசல் எடுப்பது இதில் சேராது. அல்லது அந்தக் காரை ஒரு வறியவருக்கு இலவசமாகவோ, சந்தை விலையைவிட மிகக் குறைத்தோ கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதிவிலக்கைப் படித்தபோது, வரித்துறையின் சட்டம் எழுதியவர்களும் ஈகை என்றால் என்ன என்று ஒரு கணம் யோசித்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

குறியெதிர்ப்பை என்று பழந்தமிழில் ஒரு சொல் உண்டு. பக்கத்து வீட்டுக்கு ஒரு படி அரிசியை அளந்து கொடுத்து, பின்னர் அதே அளவில் திரும்ப வாங்கிக்கொள்ளும் கைமாற்று. வரிச்சலுகைக்காகக் கொடுப்பது அந்த வகைதானே என்று மனம் உறுத்தியதால், எனக்குத் திரும்பி வரும் படி எவ்வளவு என்று ஒரு மாலை கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கடன் வட்டி அந்த ஆண்டு 6,400 டாலர். மாநில, உள்ளூர் வரிகளைக் கழிக்கச் சட்டம் அப்போது விதித்திருந்த உச்சவரம்பு 10,000. வழக்கமாகக் கொடுக்கும் நன்கொடைகள் 2,500. ஆக மொத்தம் 18,900. கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குக் கொடுத்தால் 2023-க்கு யாரும் கேள்வி கேட்காமல் கிடைக்கும் நிலையான கழிவு 27,700. கூட்டிய தொகை இதைத் தாண்டினால்தான் தனித்தனியாகக் கழிப்பதில் பயன். காருக்காக மூவாயிரம் அல்ல, எட்டாயிரமே எழுதினாலும் நான் அந்தக் கோட்டைத் தொட மாட்டேன். 2018-இல் நிலையான கழிவு ஏறத்தாழ இரட்டிப்பான பிறகு, பெரும்பாலான குடும்பங்களின் நிலை இதுதான். அதாவது விளம்பரம் இரண்டாவதாகச் சொன்ன வரிச்சலுகை எனக்குச் சுழியம். கைமாற்றுக்கு வழியே இல்லை என்று தெரிந்ததும் விந்தையான நிம்மதி ஏற்பட்டது. மிச்சமிருந்தது ஒரே கேள்வி: இந்த யானையால் யாருக்கு என்ன பயன்?

பால்டிமோரை அறிந்தவர்களுக்கு, அந்த ஊரில் ஒரு கார் என்ன செய்யும் என்பது தெரியும். கிழக்கையும் மேற்கையும் இணைப்பதற்காகத் திட்டமிட்ட ரெட் லைன் ரயில் 2015-இல் ஆளுநரால் கைவிடப்பட்டது; அடுத்த ஆளுநர் 2023 ஜூனில் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார் என்றாலும், தண்டவாளம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. பழைய எஃகு ஆலை இருந்த ஸ்பாரோஸ் பாயின்ட்டில் இன்று கிடங்குகள் நிறைந்திருக்கின்றன; வேலை அங்கே இருக்கிறது, வேலை வேண்டியவர் நகரின் மறுமுனையில் இருக்கிறார். இரவுப் பணி முடிந்து பேருந்து மாறி மாறி வீடு திரும்புகிறவருக்குக் கார் என்பது சொகுசு இல்லை, தூக்கம். பால்டிமோரை ஒட்டிய ஹேலத்தோர்ப்பில் 1999 முதல் இயங்கும் ‘வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச்’ போன்ற அமைப்புகள், தானமாக வரும் கார்களைப் பழுதுபார்த்துக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கொடுப்பதோடு, சிறையிலிருந்து வெளிவந்தவர்களுக்கு மெக்கானிக் வேலையும் கற்றுக்கொடுக்கின்றன. இத்தகைய அமைப்பு ஒன்றைத்தான் நான் தொலைபேசியில் அழைத்தேன். அழைப்பதற்கு முன்பு வரித்துறையின் இணையப் பட்டியலில் அதன் பெயரையும், மாநிலச் செயலர் அலுவலகத்தில் அதன் பதிவையும் பார்த்துக்கொண்டேன். ஐந்து நிமிட வேலை, பலர் செய்வதில்லை.

எதிர்முனையில் பேசிய அம்மையார் கனிவானவர். ஆனால் கேள்விகளை வரிசையாக அடுக்கினார். எந்த ஆண்டு மாடல்? எத்தனை மைல் ஓடியிருக்கிறது? தானாக ஓடுமா, இழுக்க வேண்டுமா? எந்தெந்த எச்சரிக்கை விளக்குகள் எரிகின்றன? அடியில் துரு உண்டா? வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டில் யார் பெயரில் இருக்கிறது, கடன் பாக்கி உண்டா? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா என்று நம்மிடையே ஒரு பேச்சு இருக்கிறதே, அது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் உறைக்கவும் செய்தது. 1 லட்சத்து 48 ஆயிரம் மைல், எச்சரிக்கை விளக்குகள் இரண்டு, மண்டியிட்ட முன்னங்கால் ஒன்று என்று ஒப்புக்கொண்ட பிறகு, ஈடு சொல்வதைப் போல, இருக்கைகள் உயர்தரத் தோல், நான்கும் குளிர்காலத்தில் சூடாகும், கதவு தானாக இழுத்து மூடிக்கொள்ளும் என்று சேர்த்துச் சொன்னேன். மணப்பெண்ணின் வயதைக் கேட்டவரிடம் வீணை வாசிப்பாள் என்று சொல்வதற்கு ஒப்பானது அது.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னதன் சாரம் இது. இந்த வண்டியை நாங்கள் எந்தக் குடும்பத்துக்கும் கொடுக்க மாட்டோம். நாங்களே சரிசெய்து கொடுத்தாலும், ஆறு மாதத்தில் இன்னொரு பாகம் போகும். அதன் விலை அந்தத் தாயின் ஒரு மாதச் சம்பளமாக இருக்கும். உயர்ரகப் பெட்ரோல் போட வேண்டும். டயர் விலை இரண்டு மடங்கு. தெருமுனை மெக்கானிக் இதைத் தொடவே மாட்டார். வண்டி வாசலில் நின்றுவிட்டால், இல்லாமல் இருந்ததைவிட அது மோசம். ஏனென்றால் அதை நம்பி அவர் தூரத்து வேலையை ஒப்புக்கொண்டிருப்பார். எங்களுக்கு வேண்டியது பழைய சிறிய ஜப்பான் செடான்கள். உங்கள் காரை ஏலத்தில் விற்று, வரும் பணத்தில் அப்படி ஒன்றைச் சரிசெய்வோம். சம்மதமா?

சம்மதம் என்றேன். ஆனால் போனை வைத்த பிறகு வெகுநேரம் மனம் ஒப்பவில்லை. யாரோ ஒரு செவிலியர் அந்தச் சூடான இருக்கையில் அமர்ந்து வேலைக்குப் போகும் காட்சியை நான் எனக்குத் தெரியாமலே மனத்தில் வரைந்து வைத்திருந்தேன் போலும். என்னால் தீனி போட முடியாத யானையை, என்னைவிடக் குறைவாகச் சம்பாதிக்கும் ஒருவரின் வாசலில் கட்டிவிட்டு வரும் காட்சி அது என்று உறைக்க இரண்டு நாள் ஆயிற்று. மாட்டின் பல்லைப் பார்க்கக் கூடாது என்பது கொடுத்தவனின் முகத்தைக் காப்பாற்றும் பேச்சு. மாட்டை மேய்க்கப் போகிறவரின் சார்பாகப் பேச வேண்டியவர் பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சரிசெய்தே கொடுத்துவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். என் மனைவி அதை ஒரே வரியில் முடித்துவைத்தாள்: “3,800 போட்டுச் சரிசெஞ்சா ஏலத்துல ரெண்டாயிரத்தைந்நூறு வருமா? அந்தப் பணத்தை நேரா அவங்க கையில குடுத்தா அவங்க ரெண்டு வண்டி சரிசெய்வாங்களே.” மறுபேச்சுக்கு இடமில்லை. முழு 3,800-ஐயும் கொடுத்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான், 1,000 கொடுத்தோம்.

அடுத்து வந்தது காகித வேலை. காரைக் கொடுப்பது என்றால் டைட்டில் பத்திரத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது. எங்கள் பத்திரத்தில் மனைவியின் பெயரும் இருந்ததால் இருவரும் கையெழுத்திட வேண்டும். 2014-இல் அடைத்த கார்க்கடனுக்கு வங்கி அனுப்பிய விடுவிப்புச் சான்று, காலணிப் பெட்டி ஒன்றில் பழைய மின்சார ரசீதுகளுக்கு அடியில் அகப்பட்டது. அது இல்லாவிட்டால் வண்டி இன்னமும் வங்கியின் பிடியில் இருப்பதாகவே பொருள். எல்லாம் கூடிவந்த வேளையில், விற்பவர் பெயர் எழுத வேண்டிய இடத்தை விட்டு, வாங்குபவரின் கட்டத்தில் என் பெயரை எழுதி, பதற்றத்தில் அதை அடித்தும் விட்டேன். அடித்தல் திருத்தல் உள்ள டைட்டிலை யாரும் ஏற்பதில்லை. மோட்டார் வாகன அலுவலகத்தில் விண்ணப்பித்து நகல் டைட்டில் வாங்கினேன். வேறு யாரும் இதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்: நகலெடுத்த தாள் ஒன்றில் முதலில் எழுதிப் பழகுங்கள்.

வண்டியைக் கொடுப்பதற்கு முந்தைய நாள், கராஜ் கதவைத் திறக்கும் பொத்தான்களின் நினைவை அழித்தேன். சுங்கக் கருவியைக் கழற்றினேன். தொலைபேசி எண்களையும் வீட்டு முகவரியையும் வழிகாட்டித் திரையிலிருந்து நீக்கினேன். அதன் வரைபடத் தட்டு 2008-ஆம் ஆண்டுக்குரியது. புதிய தட்டின் விலையைக் கேட்டுவிட்டு அப்போதே பேசாமல் இருந்துவிட்டேன். அதனால், 2011-இல் திறந்த மேரிலாந்து 200-ஆம் எண் நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம், அந்தக் கார் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தான் காட்டு வெளியில் பறந்துகொண்டிருப்பதாகவே நம்பிவந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் மேடை வைத்த இழுவை லாரி வந்தது. அதற்குள் கம்ப்ரசரும் அடங்கிவிட்டதால் வண்டி முன்பக்கம் முழுவதும் தரையோடு படிந்திருந்தது. ஓட்டுநர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இந்த வகை வண்டிகளை எனக்குத் தெரியும் என்பதைப் போலத் தலையசைத்து, லாரியின் பக்கப் பெட்டியிலிருந்து நான்கு மரப்பலகைகளை எடுத்தார். பலகையை முன்சக்கரத்துக்கு அடியில் கொடுத்து ஒரு சாண் ஏற்றி, மேடையைச் சரித்து, மீண்டும் பலகை கொடுத்து, பம்பர் தரையில் உராயாதபடி முழுதாக அரை மணி நேரம் பாடுபட்டார். பழுதான வண்டி என்பதால் அவர் அவசரப்படவில்லை, அலட்சியமும் காட்டவில்லை. கடைசித் தூரத்துக்கு வண்டியையே ஓட்டி ஏற்றிவிடலாம் என்று என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். செய்தேன். அவர் சன்னலருகே குனிந்து, எஞ்சின் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நம்பர் பிளேட்டுகளை நானே கழற்றி வைத்துக்கொண்டேன். மேரிலாந்தில் அவற்றை மோட்டார் வாகன அலுவலகத்தில் ஒப்படைத்த பிறகுதான் காப்பீட்டை ரத்து செய்ய வேண்டும். முன்பின் மாறினால், இல்லாத வண்டிக்குக் காப்பீடு இல்லை என்று அபராதம் வரும்.

ஜனவரி நடுவில் 1098-சி படிவம் வந்தது. டிசம்பர் 19 அன்று, தொடர்பற்ற மூன்றாம் தரப்பினருக்கு ஏலத்தில் விற்றதாகச் சான்றளித்து, தொகைக்கான கட்டத்தில் 925 என்று அச்சிட்டிருந்தார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். எங்கள் யானைக்கு 75 குறைவு. இழுவைக்கும் ஏலத்துக்கும் போக அமைப்பின் கைக்கு வந்தது எவ்வளவு என்று அழைத்துக் கேட்டேன். 610 என்று ஒளிக்காமல் சொன்னார்கள். சட்டப்படி நான் கழித்துக்கொள்ளக்கூடியது அவர்களுக்கு வந்த 610 அல்ல, விற்ற தொகையான 925 என்பது இந்த ஏற்பாட்டின் இன்னொரு வினோதம். 22 விழுக்காடு வரி கட்டுபவருக்கு அதன் பயன் ஏறத்தாழ 200 டாலர். எனக்கு, மேலே சொன்ன கணக்குப்படி, ஒன்றுமில்லை. வாங்கியவர் அநேகமாக வண்டியைப் பிரித்து விற்பவராக இருப்பார். அதன் கதவுகளும் தோல் இருக்கைகளும் எஞ்சினும், இன்னும் தீனி போட முடிகிற யாருடைய யானையையோ நடக்கவைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

610 டாலரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு பழைய செடானுக்கு நான்கு டயர், அல்லது பிரேக் வேலை. ஆனால் ஒரு பழைய மின்னஞ்சல் என்னை விடாமல் உறுத்தியது. 2019-இல், வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு கடைக்காரர் அதற்கு 6,000 டாலர் தருவதாக எழுதியிருந்தார். அன்று அதைக் கொடுத்திருந்தால், அந்த அமைப்பு இதே ஏலத்தில் இதைப் போலப் பல மடங்கு பெற்றிருக்கும். அன்று எனக்குக் கொடுக்கத் தோன்றவில்லை. அன்று அது நல்ல கார்.

சென்ற ஏப்ரலில் என் மனைவிக்கு முழுநேரமும் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனது. அவளிடம் இருந்தது 2012-ஆம் ஆண்டு ஜப்பான் செடான். சிறியது, துணி இருக்கை, கதவை நாமேதான் இழுத்து மூட வேண்டும். வீட்டுக்கு இனி ஒரு கார் போதும் என்று முடிவானதும், விற்றால் ஐயாயிரத்துக்கு மேல் கிடைக்கும் என்று நான்தான் விலை விசாரிக்கத் தொடங்கினேன். அவள் அந்த அமைப்பின் எண்ணைக் கேட்டு வாங்கி, சமையலறை மேசையில் அமர்ந்து ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள். அதே அம்மையாரின் குரல். எந்த ஆண்டு, எத்தனை மைல், விளக்கு ஏதும் எரிகிறதா, துரு உண்டா, டைட்டில் கையில் இருக்கிறதா. 1 லட்சத்து 12 ஆயிரம் மைல், விளக்கு எதுவும் இல்லை, துரு இல்லை, டைட்டில் என் பெயரில்தான் இருக்கிறது என்று இவள் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். எதிர்முனையில் தட்டச்சு ஒலி சற்று நின்றது. பிறகு அவர், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று தொடங்கி, நாங்கள் கேட்காத பழுது ஏதாவது இருக்கிறதா, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

பழுது ஒன்றும் இல்லை, இன்று காலையில்கூட அதில்தான் போய்க் காய்கறி வாங்கி வந்தேன் என்றாள்.